கெமிக்கல் டேங்கர் ஓட்டுநர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண லாரியிலிருந்து கெமிக்கல் டேங்கருக்கு மாறுகிறவர்களும், மாறிச் சில மாதங்களே ஆனவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஆசிட், காஸ்டிக் (காஸ்டிக் சோடா கரைசல்), சால்வென்ட் (கரைப்பான்) போன்ற திரவ லோடுகளைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். அழுத்தத்தில் போகும் காஸ் டேங்கர் தனி உலகம்.

நல்லா லாரி ஓட்டத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

ஓட்டுவதில் பாதி புதிது. மீதி வேலை ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. டேங்கர் கவிழ்ந்தால் ஊருக்கே தெரியும். மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடித்த ஆசிட்டும், டேங்க் மேலிருந்து வழுக்கி விழுந்து உடைந்த இடுப்பும் வெளியே தெரிவதில்லை. வண்டி நிற்கும் நேரத்தில்தான் ஓட்டுநருக்கும் சரக்குக்கும் நடுவே இருப்பது ஒரு கேஸ்கெட்டும் (இணைப்பின் இடுக்கை அடைக்கும் வளையம்) ஒரு கையுறையும் மட்டும் என்றாகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த நேரத்தைப் பற்றியதுதான்.

முழு லோடு கஷ்டமா, அரை லோடு கஷ்டமா?

அரை லோடுதான். முழு டேங்கில் திரவம் ஆட இடமில்லை. அடியில் கொஞ்சம் கிடந்தால் அதற்கு எடையில்லை. நடுவில் நிற்கும் அளவுதான் அலை அடிக்கும். அபாயகரமான சரக்கைச் சாலையில் கொண்டுபோவதற்கான ஐரோப்பிய ஏடிஆர் விதிகளில், 7,500 லிட்டருக்கு மேல் தடுப்பில்லாத அறை கொண்ட டேங்கில் திரவம் ஏற்றினால் ஒன்று 80 சதவீதத்துக்குக் குறையாமல், அல்லது 20 சதவீதத்துக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான்.

இதில் அடர்த்தி ஒரு பொறி. 98 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட் லிட்டருக்கு 1.84 கிலோ. 20 டன் ஏற்றினால் 10,870 லிட்டர்தான் வரும். அதை 20,000 லிட்டர் டேங்கில் ஊற்றினால் 54 சதவீதம், அதாவது அலை அடிக்க ஏற்ற அளவு. அதே 20 டன் டோலுயீன் என்ற சால்வென்ட் என்றால் கிட்டத்தட்ட 23,000 லிட்டர், அந்த டேங்கே பத்தாது. ஆசிட் வண்டிகளின் டேங்க் சின்னதாக, ஒல்லியாக இருப்பதைப் பார்த்து "இதில் இன்னும் கொஞ்சம் பிடிக்குமே" என்று நினைப்பவர்கள் உண்டு. டேங்கில் இடம் இருக்கலாம், ஆக்ஸில் தாங்காது.

உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் அலை அடிக்காதுதானே?

முன்னும் பின்னும் ஓடும் அலையைத் தகடு உடைக்கும். பக்கவாட்டு அலையை அது தொடுவதே இல்லை. வண்டியைக் கவிழ்ப்பது அந்தப் பக்கவாட்டு அலைதான். தவிர, எல்லா டேங்கிலும் தகடு இருக்காது. ரப்பர் லைனிங் போட்ட ஹைட்ரோகுளோரிக் ஆசிட் டேங்குகள், அடிக்கடி கழுவி வேறு வேறு லோடு ஏற்றும் டேங்குகள் பலவும் உள்ளே வழவழவென்று இருக்கும். தகட்டு மூலையில் பழைய சரக்கு தங்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று முதல் லோடுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டும்போது எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

வளைவுக்குள் போய் பிரேக் அடிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். வேகத்தை நேர் ரோட்டிலேயே குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராக உருட்ட வேண்டும். வளைவுப் பலகையில் 40 என்று போட்டிருந்தால் அது காருக்கான கணக்கு. நிறைந்த டேங்கர் அதைவிட 15 கிலோமீட்டராவது குறைவாகப் போக வேண்டும். ரவுண்டானாவும் மேம்பால இறக்க வளைவும்தான் மோசமான இடங்கள். இடது, வலது என்று ஸ்டியரிங் அடுத்தடுத்துத் திரும்பும்போது முதல் திருப்பத்தின் அலை திரும்பி வரும் நேரமும் இரண்டாவது திருப்பமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பின்சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் வெடுக்கென்று ரோட்டுக்கு இழுக்காதீர்கள். வேகம் குறைந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

சிக்னலில் வண்டி நின்றதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. வண்டி நின்று ஓரிரு நொடி கழித்துத்தான் அலை முன்னால் வந்து முட்டும். முன்னால் நிற்கும் காரை நின்ற இடத்திலிருந்தே இடித்துவிடலாம்.

லோடு ஏற்றும் முன் எதையெல்லாம் சரிபார்ப்பது?

முந்தைய லோடு என்ன, கழுவிய சான்று இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் ஏற்றினால் டேங்க் அரித்துப் போகும். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனைக் கக்கும். அடர் சல்ஃப்யூரிக் ஆசிட் சாதாரண இரும்பு டேங்கில் பத்திரமாகவே இருக்கும், ஆனால் தண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் அதே இரும்பை அரிக்க ஆரம்பித்துவிடும். டேங்க் மட்டும் பொருந்தினால் போதாது. வால்வு சீட், கேஸ்கெட், ஹோஸ் எல்லாமே அந்தச் சரக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கேஸ்கெட்டில்தான்: டேங்க் சரி, வால்வு சரி, யாரோ அவசரத்துக்கு வெட்டிப் போட்ட ரப்பர் கேஸ்கெட் சால்வென்ட்டில் ஊறி உப்பி நிற்கும்.

அடுத்து, அடி வால்வும் வெளி வால்வும் மூடியிருக்கிறதா, குழாய் வாயில் மூடி போட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் விரிவுக்கு இடம். டோலுயீன் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். காலையில் ஏற்றிய 20,000 லிட்டர், மதியம் 15 டிகிரி சூடேறினால் 300 லிட்டர் கூடும். கழுத்து வரை நிரப்பிய டேங்கில் அந்த 300 லிட்டர் போக இடமில்லை. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாகெஸ் முகாம் அருகே அளவுக்கு மீறி ஏற்றிய புரொப்பிலீன் டேங்கர் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அது காஸ் லோடுதான், ஆனாலும் அளவு மீறி நிரப்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்கிறோம்.

எர்த்திங் கிளிப் சும்மா ஒரு சடங்கா?

இல்லை. டேங்கில் சேரும் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் கம்பியின் கிளிப் அது. டோலுயீன், ஹெக்சேன் போன்றவை மின்சாரத்தைக் கடத்தாது. குழாயில் ஓடும்போதே அவற்றில் மின்னேற்றம் சேரும், சேர்ந்தது சீக்கிரம் இறங்காது. மூடியைத் திறக்கும் முன் கிளிப் மாட்ட வேண்டும். மூடி, ஹோஸ் எல்லாம் முடிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். பெயின்ட் மேல் மாட்டிய கிளிப்பும் மாட்டாத கிளிப்பும் ஒன்றுதான், அதனால் துருவும் பெயின்ட்டும் இல்லாத உலோகத்தில் பல் பதிய வேண்டும். மேலிருந்து நிரப்பும்போது குழாய் நுனி டேங்க் அடிவரை இறங்கியிருக்க வேண்டும், நுனி மூழ்கும்வரை வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலிருந்து அருவி மாதிரி கொட்டினால் மின்னேற்றமும் ஆவியும் சேர்ந்தே உருவாகும். நிரப்பி முடித்த கையோடு இரும்புக் கோலை உள்ளே விட்டு மட்டம் பார்க்க வேண்டாம், சில நிமிடம் ஆறட்டும்.

அன்லோடிங்கில்தான் அதிகம் தப்பு நடக்கிறது என்கிறார்களே, எங்கே?

மூன்று இடத்தில். ஒவ்வொன்றையும் கொஞ்சம் நீளமாகவே பார்க்கலாம்.

முதலாவது, தவறான குழாயில் இணைப்பது. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் அட்சிசனில், சல்ஃப்யூரிக் ஆசிட் கொண்டுவந்த டேங்கரின் ஹோஸ் பக்கத்திலிருந்த சோடியம் ஹைப்போகுளோரைட் குழாயில் மாட்டப்பட்டது. இரண்டு குழாயும் அருகருகே, ஒரே மாதிரி. ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு. ஊர்மேல் பச்சை மஞ்சள் புகை எழுந்தது, 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடினார்கள். இரு சரக்கும் தனித்தனியே தினம் கையாளப்படுபவைதான். எனவே குழாயை ஆலையின் ஆள் காட்ட வேண்டும், அவரே பூட்டைத் திறக்க வேண்டும். குழாயில் எழுதிய பெயரையும் உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கும் பெயரையும் இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். "அதோ அந்தப் பக்கம் போய் மாட்டிக்கோங்க" என்று கைகாட்டிவிட்டுப் போகிறவர் திரும்பி வரும்வரை காத்திருங்கள். ஹோஸ் அப்படியே பொருந்துகிறது என்பது அத்தாட்சி ஆகாது. ஆலைக்கு ஆலை ஒரே அளவு கப்ளிங்தான் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, அழுத்தம். காற்றுக் கொடுத்துத் தள்ளி அன்லோடு செய்யும் வண்டியில் சரக்கு தீர்ந்த பிறகும் டேங்கில் அழுத்தம் நிற்கும். மேன்ஹோல் மூடி 50 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானி 1 பார் காட்டினால் அந்த மூடியை உள்ளிருந்து 2 டன் தள்ளுகிறது. ஊசி அசையாதது போலத் தெரியும் 0.2 பாரில்கூட 400 கிலோ. காற்று வெளியேறும் வால்வை முழுதாகத் திறந்து, சத்தம் அடங்கி, அதன் பிறகும் ஒரு நிமிடம் விட்டு, மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். எல்லா போல்ட்டும் மாட்டியபடியே இருக்கும்போது மூடியை லேசாக அசைத்துப் பாருங்கள். 'ஸ்ஸ்' என்றால் அப்படியே நிறுத்துங்கள். நிற்பது எப்போதும் ஓரமாக, மூடிக்கு நேர் மேலே முகம் வராதபடி. எரியும் திரவத்தைக் காற்றால் தள்ளவே கூடாது. அதற்கு நைட்ரஜன் அல்லது பம்ப்.

மூன்றாவது, ஹோஸைக் கழற்றுவது. எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு வரும் நேரம் இது. 2 அங்குல ஹோஸ் 6 மீட்டர் நீளமென்றால் அதற்குள் சுமார் 12 லிட்டர் நிற்கும். 3 அங்குலமென்றால் 27 லிட்டர். அடி வால்வை மூடி, ஹோஸைக் கையால் தூக்கித் தூக்கி டேங்க் பக்கமிருந்து ஆலைப் பக்கம் வடித்து, பிறகு ஆலை வால்வை மூடி, கீழே வாளி வைத்துத்தான் கழற்ற வேண்டும். ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இறுக்கும் வளைய இணைப்பு) என்றால் உங்களுக்கு எதிர்ப்பக்கமுள்ள கீழ் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். மிச்சம் இருந்தால் அது உங்களை விட்டு விலகிக் கீழே வடியும். கேம்லாக் (இரண்டு காதுப் பிடிகளை மடக்கிப் பூட்டும் இணைப்பு) என்றால் இரண்டு காதையும் ஒரே நேரத்தில் தூக்காதீர்கள். அன்லோடு ஓடும்போது அந்தக் காதுகள் தானாக எழாமல் ஊக்கோ கட்டோ போட்டிருக்க வேண்டும்.

அன்லோடு நடக்கும்போது கேபினில் தூங்குவது பற்றியும் கேட்கிறார்கள். கூடாது. எமர்ஜென்சி வால்வுக்குக் கை எட்டும் தூரத்தில், காற்று வரும் திசையில் நில்லுங்கள்.

நல்ல டேங்க் திடீரென்று உள்ளே நசுங்கிப் போனது என்று கேள்விப்பட்டோம். எப்படி?

மேலே காற்று நுழைய வழியில்லாமல் கீழே பம்ப் இழுத்தால் நசுங்கும். நீராவியால் கழுவி, சூடு ஆறும் முன்பே மூடியைப் பூட்டினாலும் நசுங்கும். ஆவி தண்ணீராகச் சுருங்கும்போது உள்ளே வெற்றிடம். ஒரு மழை பெய்தால் இன்னும் வேகம். உள்ளே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் வெளியிலிருந்து 1 டன் அழுத்தும். உருளை உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும், வெளியிலிருந்து வருவதைத் தாங்காது. தூசி போகக் கூடாது என்று வென்ட்டில் (காற்று போய்வரும் துளை) பாலித்தீன் பை கட்டிவிட்டு அவிழ்க்க மறந்து டேங்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

டேங்குக்குள் மிச்சம் கிடக்கிறது, இரண்டு நிமிடம் இறங்கித் துடைத்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

மாட்டேன் என்று சொல்லுங்கள். நைட்ரஜன் போட்ட டேங்கில் ஓரிரு மூச்சிலேயே மயக்கம் வரும், மூச்சு முட்டுகிற உணர்வே இருக்காது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் உள்ளே போகக் கூடாது. மூக்கை நம்பவும் முடியாது. உருகிய கந்தக டேங்கில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் மோசமான நேரம். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பது வழக்கம். இரண்டு சடலமாகிறது. டேங்க் கழுவ அனுமதிச் சீட்டு, வாயு அளக்கும் மானி, கயிறு, வெளியே காவலாள் வைத்துச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அது ஓட்டுநர் வேலை இல்லை.

காலி வண்டிதானே, அதில் என்ன ஆபத்து?

கழுவாத காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட எளிதில் வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலியில் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்து நிற்கும். ஆசிட் டேங்கும் இதில் சேர்த்திதான். மிச்ச ஆசிட்டில் தண்ணீர் பட்டு நீர்த்தால் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் வரும். கழுவி, காற்றோட்டி, மானி வைத்துப் பார்க்காமல் வெல்டிங் பொறி டேங்கை நெருங்கக் கூடாது. மட்கார்டு வெல்டிங் என்றாலும் அப்படித்தான். அபாயப் பலகையையும் டேங்கைக் கழுவிய பிறகே கழற்ற வேண்டும்.

கையுறை எது வாங்குவது?

எல்லாவற்றுக்கும் ஒன்று என்று எதுவும் கிடையாது. ஆசிட், காஸ்டிக் இரண்டுக்கும் பியூட்டைல் ரப்பர் நன்றாகத் தாங்கும், அசிட்டோனுக்கும் அதுவே. ஆனால் டோலுயீனில் அது தோற்கும், அதற்கு விட்டான் என்ற ரப்பர் வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை அசிட்டோனில் நிமிடக் கணக்கில் கசியும். தோல் கையுறை குடித்துவைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையில் தடவும். கையுறையின் மணிக்கட்டை மேலே மடித்துவிட்டால் தலைக்கு மேல் வேலை செய்யும்போது வழிவது கைக்குள் போகாமல் மடிப்பில் நிற்கும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே திணித்தால் வழியும் ஆசிட்டுக்குப் பூட்ஸே புனல். கண்ணாடி மட்டும் போதாது, ஒட்டி மூடும் காகிள்ஸும் அதற்கு மேல் முகக்கவசமும் வேண்டும்.

மேலே பட்டுவிட்டால் முதல் வேலை?

தண்ணீர். உடனே, நிறைய, கண் என்றால் இமையைப் பிரித்தபடி குறைந்தது 15 முதல் 20 நிமிடம். காஸ்டிக் என்றால் இன்னும் அதிக நேரம், மருத்துவரிடம் போகும் வழியிலும் தொடர வேண்டும். ஆசிட் உடனே எரியும், ஆளைத் தண்ணீருக்கு ஓட வைக்கும். காஸ்டிக் முதலில் சோப்பு போல வழவழக்கும், வலி தெரிவதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். உடையை நனைத்தபடியே கழற்றுங்கள், தலை வழியாக இழுக்காமல் கத்தரியுங்கள். ஆசிட் பட்ட இடத்தில் சோடா தடவுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம்.

ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டும் ஃபீனாலும் தனிக் கதை. முதலாவதற்குத் தண்ணீருக்குப் பிறகு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் வேண்டும். ஃபீனால் தோல் வழியாகவே உடம்புக்குள் போய் ஆளைச் சாய்க்கும். இந்த லோடு ஏற்றும் முன், மருந்து கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்லோடு தொடங்கும் முன் ஆலையின் எமர்ஜென்சி ஷவரை ஒரு தடவை திறந்து பாருங்கள். துருத் தண்ணீர் வந்தாலும் பரவாயில்லை. தண்ணீரே வராவிட்டால் ஹோஸை மாட்டாதீர்கள்.

வழியில் ஒழுகினால்?

ஆள் நடமாட்டம், சாக்கடை, நீர்நிலை இல்லாத பக்கம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பேட்டரி சுவிட்சைத் துண்டித்து, காற்று வரும் திசைப் பக்கம் போங்கள். போனில் முதலில் சொல்ல வேண்டியது பலகையிலுள்ள நான்கு இலக்க யுஎன் எண். 1830 சல்ஃப்யூரிக் ஆசிட், 1789 ஹைட்ரோகுளோரிக், 1824 காஸ்டிக் கரைசல், 1230 மெத்தனால், 1294 டோலுயீன். பல நாடுகளில் அதற்கு மேலே இன்னொரு எண்ணும் இருக்கும்: 3 எரியும் திரவம், 6 நச்சு, 8 அரிப்பு. ஒரே எண் இரட்டித்தால் அந்த ஆபத்தின் வீரியம் அதிகம். முன்னால் எக்ஸ் குறி இருந்தால் தண்ணீர் படக் கூடாது. ஓலியம் (புகையும் சல்ஃப்யூரிக் ஆசிட்) அப்படிப்பட்டது.

ஃபிளாஞ்சில் துளித்துளியாகச் சொட்டினால், முழுப் பாதுகாப்பு உடையோடு போல்ட்டை ஒரு கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கொட்டியதன் மேல் காய்ந்த மணல் போடலாம், மரத்தூள் கூடாது. நைட்ரிக் ஆசிட் பட்டால் மரத்தூள் பற்றிக்கொள்ளும். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. சூடு அடித்தால் தீ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் சரக்கு உறைந்துவிட்டால் என்ன செய்வது?

க்ளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் ஆசிட் 16.6 டிகிரியில் உறையும், 50 சதவீத காஸ்டிக் 12 டிகிரி அருகில். முதலில் உறைவது டேங்க் இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுக் குழாய். அதைத் தீப்பந்தத்தாலோ கம்பியால் குத்தியோ திறக்கப் பார்ப்பவர்கள், அடைப்புக்குப் பின்னால் முழு டேங்க் நிற்பதை மறந்துவிடுகிறார்கள். அடி வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெந்நீர் ஊற்றிய சாக்கையோ நீராவிச் சுருளையோ வைத்துப் பொறுமையாக இளக்குங்கள்.

காத்திருப்பை எப்படிச் சமாளிப்பது?

வேலையின் மிகக் கசப்பான பகுதி இதுதான். கேட்டுக்கு வெளியே பத்து மணி நேரம், எடைமேடையில் இரண்டு, ஆய்வக முடிவு வரும்வரை இன்னும் சில. போன் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கேபினில் ஏசி ஓட விடமாட்டார்கள், கழிப்பறை எங்கோ இருக்கும். பிறகு நள்ளிரவில் லோடு ஏற்றி "காலைக்குள் போய்ச் சேருங்க" என்பார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைகால் நிதானம் குடித்தவர் நிதானத்துக்குச் சமம். காத்திருந்த நேரத்தையும் வேலை நேரமாகக் குறித்து வையுங்கள்: கேட்டுக்கு வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், ஹோஸ் மாட்டிய நேரம், வெளியேறிய நேரம். முதலாளியிடம் காத்திருப்புப் படி கேட்கும்போது அந்தக் குறிப்புத்தான் பேசும். வரிசையில் நிற்கும்போது பக்கத்து வண்டியிடம் இடம் சொல்லிவிட்டு முறைவைத்துத் தூங்குவது பல இடங்களில் நடைமுறை.

கேபினில் எப்போதும் இருக்க வேண்டியவை?

சரக்கின் பாதுகாப்புத் தாளும் அவசரகால அட்டையும், கதவைத் திறந்ததும் கை படும் இடத்தில். சீட்டுக்கு அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். கண் கழுவும் பாட்டில் இரண்டு, குறைந்தது 20 லிட்டர் சுத்தமான தண்ணீர், மாற்று உடை, அந்த லோடுக்கு ஏற்ற கேஸ்கெட்டுகள், பொறி தட்டாத பித்தளை ஸ்பேனர், வெடிப்புப் பகுதிக்கு ஏற்ற டார்ச். சக்கரத்துக்குக் கட்டை. குடிக்கும் தண்ணீர் பாட்டிலையும் கண் கழுவும் பாட்டிலையும் வேறு வேறு நிறத்தில் வையுங்கள், சரக்கு மாதிரி எடுத்த பாட்டிலைக் கேபினுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.